ஒரே அழைப்பில் நீரும் இறாலும்

கொக்குவிலில் புகையிரதப் பாதையோரமாக ஒரு சிறிய கணினிக் கல்லூரி இருக்கிறது. மதில் சூழ்ந்த பழைய வீடு. முன் விறாந்தையில் வகுப்பு, சாமியறையாக இருந்த இடத்தில் அலுவலகம், பின்பக்கத்து நீண்ட அறையில் ஆய்வுகூடம். அந்த ஆய்வுகூடத்தின் பதினான்கு கணினிகளையும் பார்த்துக்கொள்பவள் ஜெசிதா. வயது முப்பத்தெட்டு. கொழும்புத்துறையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, காலை ஏழரைக்குக் கதவைத் திறந்து, ஒவ்வொரு கணினியாக முடுக்கிப் பார்ப்பாள். பத்து வயதுக்குக் குறைந்த கணினி அங்கே ஒன்றுமில்லை. முதல்நாள் மின்சாரம் எத்தனை தடவை போய் வந்தது என்பதைப் பொறுத்து ஒரு நாள் பதினொன்று எழும்பும், ஒரு நாள் ஏழு. பெரும்பாலும் ஒன்பது.

மாணவர்கள் அவற்றில் கணக்கு மென்பொருளும் இணையத்தள வடிவமைப்பும் பழகுவார்கள். அவர்கள் இல்லாத வேளைகளில் அதே கணினிகள் யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரியைக் கணிக்கும். கல்லூரிக்கு அதனால் ஒரு வருமானமும் இல்லை. பொறுப்பாளர் மயூரதன், ஜெசிதாவைவிட ஆறு வயது இளையவர், "மின்சாரக் கட்டணம் கூடாமல் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா" என்பதோடு விட்டுவிட்டார்.

அந்த வேலை 2013இல் தொடங்கியது. வெளிநாட்டு உதவியோடு மூன்று ஆண்டுத் திட்டமொன்று கல்லூரிக்குக் கிடைத்தது. மழைக்குப்பின் கடல்நீரேரியில் உப்பு எப்படிக் குறைந்து ஏறுகிறது, அதற்கேற்ப இறால் குஞ்சுகள் எங்கே போகின்றன என்று கணிப்பது நோக்கம். நீரின் ஓட்டத்தைக் கணிக்கும் நிரலை எழுத ஒரு பட்டதாரியை எடுத்தார்கள். அவள்தான் அருந்ததி. மருதனார்மடத்தில் சந்தைக்குப் பின்னால் வீடு, தோட்டக்காரக் குடும்பம். கணினிகளைப் பராமரிக்க எடுத்தவள் ஜெசிதா. உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. கணினி திருத்தத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அருந்ததி எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே ஜெசிதா பழகினாள். முதலில் எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்தாள். பிறகு, ஒரு சுழற்சி எங்கே தேவையில்லாமல் இரண்டு தரம் ஓடுகிறது என்று காட்டினாள். ஓராண்டு கழிந்தபோது இறாலுக்கான நிரலை அவள் தானே எழுதத் தொடங்கியிருந்தாள். அதற்கான காரணம் எளிது. இறால் குஞ்சு கடல் வற்றும்போது அடியில் கிடக்கும், நீர்ப்பெருக்கோடு எழும்பி உள்ளே வரும் என்பதை அந்தக் கட்டடத்தில் வேறு எவரும் அறிந்திருக்கவில்லை.

"உன்ரை சாப்பாட்டுப் பெட்டிக்காகத்தான் நான் வேலைக்கு வாறன், தெரியுமோ?" என்பாள் அருந்ததி.

"வெள்ளிக்கிழமையிலை ஏன் பிறகு லீவு போடாமல் வாறாய்?"

"மணக்கிறதுக்கு."

நண்டுக்கறியை வெள்ளியன்று மணந்து பார்ப்பாள், சனியன்று தின்பாள். "வீட்டிலை அம்மாவுக்குத் தெரிஞ்சால் என்னைக் கிணத்தடியிலை வச்சுத் தோய வாத்துப்போட்டுத்தான் உள்ளுக்கை விடுவா" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது காலையும் எடுப்பாள்.

அந்த அம்மாவை ஜெசிதா ஒரே ஒரு தடவை சந்தித்தாள். அவர்கள் வீட்டுக் கணினி பழுதாகிவிட்டதென்று அருந்ததி கூட்டிப்போனாள். அம்மா நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்தார், முகம் சுளிக்கவில்லை. "பிள்ளை கொழும்புத்துறையிலை எவடம்? அப்பா என்ன தொழில்?" என்று மட்டும் கேட்டார். கடல் தொழில் என்று ஜெசிதா சொன்னதும், "ஓ" என்றார். அதன்பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது ஜெசிதா வாசல் படலையடியில் நின்றே பொருளைக் கொடுத்துவிட்டு வந்தாள். எவரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. எவரும் உள்ளே வரச் சொல்லவுமில்லை.

திட்டம் 2016இல் முடிந்தபோது நீர் நிரலும் இறால் நிரலும் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக ஓட்ட நேரம் கிடைக்கவில்லை. அருந்ததிக்கு நோர்வேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கடைசிக் கிழமை அவள் தன் மேசையைத் துடைத்துவிட்டு, "ஒருநாளைக்கு ரெண்டையும் சேத்து ஓட்டுவமடி" என்றாள்.

"ஓம். நீ வந்தாப்போலை."

"நான் வராட்டியும் ஓட்டலாம்தானே."

அவள் வரவில்லை. அங்கேயே கலியாணம், அங்கேயே வேலை, ஒரு மகன். முதல் ஆண்டு நாள்தோறும் கதைத்தார்கள், அடுத்த ஆண்டு கிழமைக்கு ஒருமுறை. பிறகு நத்தார்ப் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து என்று ஆனது. சண்டை ஒன்றுமில்லை.

ஜெசிதா இரண்டு நிரல்களையும் சேர்க்கும் வேலையைத் தனியே தொடங்கினாள்.

அவளுடைய சிக்கல் இது. கடல்நீரேரி பெரியது. ஒரு கணினியால் அதைக் கணிக்க முடியாது. ஆகவே அதைத் துண்டுகளாகப் பிரித்து, கணினிக்கு ஒரு துண்டாகக் கொடுக்கவேண்டும். ஒரு துண்டிலிருந்து நீர் அடுத்த துண்டுக்குள் பாயும்போது, இந்தக் கணினி அந்தக் கணினிக்குச் செய்தி அனுப்பவேண்டும். எத்தனை கணினிகள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வேலை சுலபம். அவளால் சொல்ல முடியாது. எத்தனை எழும்பும் என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரியும். மதியம் இரண்டு அணைந்துபோகவும் கூடும்.

அதற்கு அவள் கண்ட வழி அவளுடைய தகப்பன் அடைக்கலநாதன் செய்த தொழிலிலிருந்து வந்தது. வடமராட்சி கிழக்குக் கரையில் அவர் பல ஆண்டுகள் கரைவலை இழுத்தவர். சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், காலையில் இழுப்பதற்கு இத்தனை பேர் என்று பேசி வைப்பதில்லை. வள்ளம் வலையை வளைத்துக்கொண்டு வந்தபிறகு கரையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக் கூப்பிடுவார். கயிற்றில் கைவைத்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு. ஒருவருமில்லையென்றால் பொறுத்திருப்பார், வலை எங்கேயும் போகாது.

ஜெசிதா ஒரு மூன்றாவது நிரலை எழுதி அதற்குச் சம்மாட்டி என்று பெயர் வைத்தாள். அது தனியே தொடங்கும். எந்தக் கணினிகள் விழித்திருக்கின்றன என்று பார்க்கும். பிறகு அவற்றில் நீர் நிரலுக்கு இத்தனை ஆள், இறால் நிரலுக்கு இத்தனை ஆள் என்று தானே தொடக்கிவைக்கும். ஒரு கணினியும் விழித்திராவிட்டால் மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்கும்.

முதலில் அவள் நீர் ஆட்களை ஒரு தடவையும் இறால் ஆட்களை இன்னொரு தடவையுமாகக் கூப்பிட்டாள். நிரல் ஓடியது, ஆனால் ஊர்ந்தது. நீர் ஆளுக்குச் சம்மாட்டியைத் தெரியும், இறால் ஆளுக்கும் சம்மாட்டியைத் தெரியும், ஒருவரை ஒருவர் தெரியாது. "இந்த இடத்தில் உப்பு இவ்வளவு" என்ற ஒவ்வொரு செய்தியும் சம்மாட்டியிடம் போய்த் திரும்பவேண்டியிருந்தது. கடல்நீரேரியின் ஒரு நாளைக் கணிக்க ஆய்வுகூடத்தில் மூன்று நாள் எடுத்தது.

2019இல், மூன்று கிழமை கையேட்டையும் அகராதியையும் மாறிமாறிப் பார்த்தபின், வேறு வேறு நிரல்களை ஒரே அழைப்பில் தொடக்க வழி உண்டு என்று கண்டாள். அப்படித் தொடக்கினால் எல்லோரும் ஒரே உலகத்தில், ஒரே வரிசையில் பிறப்பார்கள். முதலில் நீர் ஆட்கள், அவர்களைத் தொடர்ந்து இறால் ஆட்கள், தொடர் இலக்கத்தோடு. நாலாம் ஆள் ஏழாம் ஆளை நேரே கூப்பிட்டுக் கதைக்கலாம். அன்று பிற்பகல் சம்மாட்டியையும் இறால் நிரலையும் மாற்றி ஓட்டினாள். மூன்று நாள் எடுத்தது இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது.

கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி நின்றாள். மாலை வகுப்புக்காக அப்போது பன்னிரண்டு மாணவர்கள் அந்த அறைக்குள் வந்திருந்தார்கள். ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் கேட்டிருப்பார்கள், பாராட்டியும் இருப்பார்கள். ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லாமலே விளங்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு நீளமாக எழுதினாள். நான்காம் நாள் பதில் வந்தது: "சூப்பர்டி! மகனுக்குக் காய்ச்சல். பிறகு வடிவாக் கதைக்கிறன்."

ஜெசிதா அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் வேலையை நிறுத்தவுமில்லை. ஒன்பது கணினிகளால் ஐந்நூறு மீற்றர் கட்டங்களாகத்தான் கடலைப் பிரிக்க முடிந்தது. ஐம்பது மீற்றராகப் பிரித்தால்தான் ஒரு வாய்க்கால், ஒரு மணல்திட்டு தெரியும். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவையாவது ஐம்பது மீற்றரில், ஒரு முழுப் பருவத்துக்கு, இரண்டு நிரல்களும் நேரே கதைத்துக்கொண்டு ஓடவேண்டும். அருந்ததி அதைப் பார்க்கவேண்டும்.

2024 பெப்ரவரியில் அருந்ததி கூப்பிட்டாள்.

"ஜெசி, உன்ரை இறால் இன்னும் உயிரோடை இருக்கோ?"

"இருக்கு. உன்ரை தண்ணியும் இருக்கு."

"இஞ்சை பல்கலைக்கழகத்திலை என்ரை ஒப்பந்தம் யூனோடை முடியுது. எங்கடை பெரிய கணினியிலை எனக்கெண்டு தந்த நேரம் கொஞ்சம் மிச்சம் கிடக்கு. ஓட்டிப் பாப்பமோ? ஒரு முழுப் பருவம்?"

 "மெய்யே சொல்லுறாய்?"

"பின்னை என்ன பகிடியே. ஆனா ஒரு தரம்தான். யூன் முப்பதோடை என்ரை கணக்கைப் பூட்டிப்போடுவினம்."

நாலு மாதம் ஆயத்தம் செய்தாள். அருந்ததியின் நீர் நிரலில் அவள் எட்டு ஆண்டுகளாக ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இப்போதும் மாற்றவில்லை. தன் பக்கத்தையே அதற்கேற்ப மாற்றினாள். ஒரு படிவம் வந்தது: எந்த நாள், எத்தனை மணித்தியாலம், கணக்குப்போட எத்தனை செயலி, அதாவது எத்தனை கணினி மூளை. யூன் இருபத்தொன்பது, சனிக்கிழமை. ஆறு மணித்தியாலம். மூன்றாவது பெட்டியில் சிறிது நேரம் யோசித்துவிட்டு எழுதி அனுப்பினாள். அருந்ததி கையொப்பமிட்டாள்.

அன்று மயூரதன் ஆய்வுகூடத்தை அவளுக்கே விட்டுவிட்டார். இங்கே நேரம் காலை பத்து, நோர்வேயில் ஆறரை. "தொடங்கிட்டுதடி! ஓடுது எண்டு காட்டுது" என்று அருந்ததியிடமிருந்து செய்தி வந்தது. மகனை நீச்சல் வகுப்புக்கும் பிறகு ஒரு பிறந்தநாளுக்கும் கொண்டுபோகவேண்டும், உங்கள் நேரத்துக்கு மூன்று மணிபோல வந்து பார்க்கிறேன் என்றாள். அந்தக் கணினிக்குள் போக அவளால் மட்டுமே முடியும். ஜெசிதாவுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

மதியம் கணவன் டினேஸ் சோற்றுப் பார்சலோடு வந்தான். கொழும்புத்துறையில் ஆழம் குறைந்த நீரில் தடி நட்டுக் களங்கட்டி வலை கட்டுபவன், காலையிலேயே தொழில் முடிந்துவிட்டது.

"என்ன, நோர்வேக்காரன் எங்கடை இறாலைப் பிடிச்சிட்டானோ?"

"ஓடிக்கொண்டிருக்கு."

"எங்கை? ஒண்டையும் காணேல்லையே."

"அங்கை ஓடுது. இஞ்சை தெரியாது."

"அப்ப நீர் என்னத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறீர்?" அவன் அணைந்துகிடந்த திரையைப் பார்த்தான். "நான் ஒருநாள் உப்பிடிக் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தன் எண்டால் சட்டியிலை கல்லுத்தான்."

அவள் சிரித்தாள். பார்சலைப் பாதியில் மடித்து வைத்தாள்.

மூன்று மணிக்கு அருந்ததியின் முகம் திரையில் வந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. "பொறு, பதிவைத் திறக்கிறன்" என்றாள். திறந்தாள். நெற்றி சுருங்கியது.

"என்னடி எழுதி வச்சிருக்கிறாய் உதுக்கை?"

"என்ன கிடக்கு?"

அருந்ததி வாசித்தாள். "'ஒருத்தரும் எழும்பேல்லை. ரெண்டு நிமிசத்தாலை திருப்பிப் பாக்கிறன்.' உங்கடை நேரத்துக்குப் பத்து மணி நாலு நிமிசம். 'ஒருத்தரும் எழும்பேல்லை.' பத்து ஆறு. பத்து எட்டு. பத்துப் பத்து... கீழை வரைக்கும் உதுதான் ஜெசி. நூத்திச் சொச்சம் வரி."

 ஐந்து மணித்தியாலமாகச் சம்மாட்டி தனியே நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"படிவத்திலை எத்தினை செயலி எண்டு போட்டனி?"

"ஒண்டு."

"ஒண்டோ!"

"சம்மாட்டி ஒண்டுதானே. அது போய் நிண்டு மற்றாக்களைக் கூப்பிடும்."

"விசரி! இஞ்சை ஆர் சும்மா நிக்கினம் நீ கூப்பிட? எத்தினை பேர் வேணுமெண்டு முதலே கேட்டு வச்சால்தான் அத்தினை பேரைத் தருவான். ஒண்டு கேட்டால் அந்த ஒண்டு நீதான்."

"நீ தாறதே பெரிய காரியம். அதுக்குள்ளை வேலைக்கு நூத்தி இருபத்தெட்டு வேணும் எண்டு என்னெண்டு எழுதிறது?"

அருந்ததி கண்ணாடியைக் கழற்றினாள்.  "இப்ப நினைவு வருது. நானும் பாத்தனான், ஒண்டு எண்டு கிடந்ததை. நீ போட்டது எண்டால் காரணம் இருக்கும் எண்டு கையெழுத்து வச்சிட்டன்."

இனிப் புதிதாக நூற்றியிருபத்தெட்டு கேட்டால் வரிசையில் செவ்வாய்க்கிழமைதான் இடம் வரும் என்று காட்டியது. ஞாயிறோடு கணக்கு மூடப்படும். அருந்ததி எதையோ தட்டித் தேடினாள். சோதனை ஓட்டங்களுக்கென்று ஒரு சிறு வரிசை இருந்தது. அறுபத்துநான்கு செயலி, அரை மணித்தியாலம். அது உடனே கிடைக்கும்.

"அரை மணித்தியாலத்திலை என்ன கிடைக்கும்?"

ஜெசிதா மனதிலேயே வகுத்தாள். "ஏழு நாள். ஏழரை வரும், ஆனா ஏழு எண்டு வை."

"நூத்தி எண்பது நாள் நினைச்சது."

"ஓம்."

"எந்த ஏழு நாள் வேணும்? சொல்லு."

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, நவம்பர் பத்திலையிருந்து பதினாறு."

"அது நாங்கள் அளந்த கிழமையெல்லோ!"

அந்த ஏழு நாளும் அவர்கள் இரவல் வாங்கிய உப்புமானியோடு கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்றார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் அளக்கவேண்டும். மழை விடவில்லை. ஒருத்தி குடை பிடிக்க மற்றவள் எழுதினாள். தூரம் போய்வர முடியாதென்று அருந்ததி கடைசி மூன்று நாள் ஜெசிதா வீட்டிலேயே தங்கினாள். வீட்டில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள். விடியப்புறம் இருவரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடுவார்கள். வானத்தைப் பார்த்து அருந்ததி, "பிள்ளையாரே, அந்தோனியாரே, ஆர் சும்மா இருக்கிறியளோ அவை நிப்பாட்டுங்கோ" என்று கத்துவாள்.

"அந்தக் கிழமைதான் வேணும்" என்றாள் ஜெசிதா. "மற்ற நாளுக்கு நிரல் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு பாக்க எங்களிட்டை ஒண்டுமில்லை."

மூன்று நாற்பதுக்குத் தொடங்கினார்கள். சம்மாட்டிக்கு ஒன்று போக அறுபத்துமூன்று. நீருக்கு நாற்பத்திரண்டு ஆள், இறாலுக்கு இருபத்தொன்று. அருந்ததி பதிவைத் திறந்து வைத்து, கிரிக்கெட் வர்ணனை சொல்பவளைப் போல வாசித்தாள்.

"கூப்பிடுது... தண்ணி நாப்பத்திரண்டும் வந்திட்டுது. இறால்... பதினெட்டு, இருபது, இருபத்தொண்டு! எல்லாரும் வந்திட்டினம் ஜெசி!"

 ஜெசிதா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் பாதி. அருந்ததி திரையருகே குனிந்தாள். "பொறு. உப்புச் செய்தி சம்மாட்டிக்குள்ளாலை போகேல்லையே. தண்ணி நேரே இறாலோடை கதைக்குது. அதென்னெண்டு?"

"ரெண்டு நிரலையும் ஒரே அழைப்பிலை தொடங்கினால் எல்லாரும் ஒரே வரிசையிலை வருவினம். பிறகு நேரே கதைக்கலாம்."

"ஐயோ, எவ்வளவு வடிவு! உதை எப்ப கண்டுபிடிச்சனி?"

"பத்தொன்பதிலை. உனக்கு எழுதினனான்."

அருந்ததியின் முகம் அப்படியே நின்றது. இணையம் தடைப்பட்டுவிட்டதோ என்று ஜெசிதா நினைத்தாள். தடைப்படவில்லை.

"எழுதினனி" என்றாள் அருந்ததி மெதுவாக. "நான் வாசிச்சிருக்கமாட்டன்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனி."

"அஞ்சு வருசமாக் காய்ச்சலே."

அதற்கு இருவரும் சிரிக்க முயன்றார்கள்.

நான்காம் நாள் முடிந்தபோது இறங்குதுறையின் உப்பை எடுத்து, தாங்கள் அளந்ததற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிழக்கேயிருந்து வந்த மழைநீர் இறங்குதுறையை நான்காம் நாள்தான் எட்டியதாக அவர்களுடைய குறிப்பு சொன்னது. நிரல் அதை இரண்டாம் நாளே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஜெசிதா ஐந்நூறு மீற்றரிலும் இதைக் கண்டிருக்கிறாள். கட்டம் பெரிது, அதனால்தான் என்று விட்டிருந்தாள். இப்போது கட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

"தண்ணி கெதியா ஓடுது" என்றாள் அருந்ததி. "என்ரை பிழை. அடித்தளத்தை வெறும் மணல் எண்டு எடுத்திருக்கிறன். அங்கை வேறை என்ன கிடக்கு?"

"சாதாளை. முழங்கால் உயரத்துக்குப் புல்லுக் கிடக்கும். டினேஸ் ஒவ்வொரு நாளும் வலையிலையிருந்து அதைத்தான் உதறுறவர்."

"அது தண்ணியை மறிக்கும்தானே. உனக்குத் தெரிஞ்சிருந்தும் ஏனடி சொல்லேல்லை?"

"நீ கணக்குப் படிச்சனி. அதையும் சேத்துத்தான் போட்டிருப்பாய் எண்டு நினைச்சன்."

ஏழாம் நாள் மதியத்தைத் தாண்டும்போது அரை மணித்தியாலம் முடிந்தது. இணைப்பில் இரண்டு பேரும் இருந்தார்கள். நிரல் நின்றுவிட்டது.

"அடித்தள எண்ணை மாத்திப்போட்டுத் திருப்பி ஓட்டிப் பாக்கவேணும்" என்றாள் ஜெசிதா. "உன்ரை நிரல். நீதான் மாத்தவேணும். எப்ப ஏலும் உனக்கு?"

அருந்ததி திரும்பிக் கதவுப்பக்கம் பார்த்தாள். உள்ளே மகன் அந்த நாட்டுப் பாஷையில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். "ஜெசி, திங்கக்கிழமையிலையிருந்து நான் ஒரு காப்புறுதிக் கொம்பனியிலை. வேறை வேலை, வேறை மாதிரி. நான் இனி இதிலை கைவைப்பன் எண்டு உனக்குச் சொன்னால் அது பொய்." கண்ணாடியை மறுபடி போட்டாள். "நீயே மாத்து. உன்னட்டைத்தான் சாதாளை கிடக்கு."

"சரி."

"நல்லா இருந்ததடி இண்டைக்கு."

"ஓம்."

மகன் மறுபடி கூப்பிட்டான். அருந்ததி போனாள்.

திங்களன்று கணினிகளில் ஒன்பது எழும்பின. ஜெசிதா நீர் நிரலைத் திறந்தாள். மாற்றவேண்டிய வரி எது என்று அவளுக்குத் தெரியும், நூற்றுப் பன்னிரண்டாம் வரி. எண்ணை அழிக்கவில்லை. முழு நிரலையும் படியெடுத்து, படியில் மட்டும் எண்ணை மாற்றினாள். பிறகு சம்மாட்டியைத் திறந்து, இரண்டு நிரல்களைக் கூப்பிடும் அழைப்பை மூன்று நிரல்களைக் கூப்பிடுவதாக ஆக்கினாள். புதிய நீருக்கு நாலு ஆள், இறாலுக்கு இரண்டு, அருந்ததியின் பழைய நீருக்கு மூன்று. இறால் ஆட்கள் புதிய நீரோடு கதைப்பார்கள். பழைய நீர் அதே மழையைப் பெற்று, தன் கணக்கைத் தானே செய்யும்.

அளந்த அதே கிழமைக்கு ஓட்டியபோது, புதிய நிரல் மழைநீரை மூன்றாம் நாள் மாலை இறங்குதுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த கிழமை எண்ணை இன்னும் சற்றுத் திருத்தியபோது நான்காம் நாள் காலை வந்தது. அளந்ததோடு பொருந்தியது. அன்று அவள் அருந்ததிக்கு எண்களை அனுப்பினாள். ஒரு சிறு பூ பதிலாக வந்தது.

வருட இறுதியில் மாரி வந்தபோது மயூரதன் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, பழைய நீர் நிரலை இன்னும் ஏன் ஓட்டுறியள்? ஒன்பதிலை மூண்டு மெசின் அதுக்கெல்லோ போகுது."

"ஒப்பிட்டுப் பாக்க."

"ஒருக்கா ஒப்பிட்டால் காணாதே? அது பிழை எண்டு தெரியும்தானே."

"ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு மாதிரி, சேர்."

அது பொய்யான பதில் அல்ல. ஆனால் அந்தக் காரணத்துக்கு ஒரு பருவம் போதும் என்பது அவளுக்குத் தெரியும். வேறெந்த வேலையிலும் ஒரு கணினியை ஒரு மணித்தியாலம் வீணாக்க அவள் விடமாட்டாள்.

மயூரதன் மேலே கேட்கவில்லை. சம்மாட்டி இப்போதும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்றையும் ஒரே அழைப்பில் கூப்பிடுகிறது. பழைய நீரின் மூன்று ஆட்களும் வருகிறார்கள். அவர்களை எவரும் எதுவும் கேட்பதில்லை. மழைநீரை இரண்டு நாளிலேயே இறங்குதுறைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் உப்பைச் சொல்லிவிட்டு முடிக்கிறார்கள். பதிவேட்டில் புதிய நீரின் எண்ணை எழுதிய பிறகு, ஜெசிதா அதற்குப் பக்கத்தில் அந்தத் தவறான எண்ணையும், தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் வரை, எழுதிவைக்கிறாள்.